சோளக்கொல்லைப் பொம்மை வாய் மூடிய கதை

அந்தக் காலத்தில் மனிதருக்கும் மைனாவுக்கும் காட்டுப்பன்றிக்கும் ஒரே பேச்சு இருந்தது. ஒருவர் சொன்னது மற்றவருக்குப் புரியும். புரிந்த மறுநிமிடமே சண்டையும் வரும். இப்போது காட்டோர ஊர்களில் தகரத்தைத் தட்டிப் பன்றி விரட்டுகிறார்களே, அந்த வேலையெல்லாம் அப்போது கிடையாது. பன்றி நேரே வரப்பில் வந்து நின்று நியாயம் கேட்கும். பதில் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

மலைக்குக் கீழே பாறையடி என்று ஓர் ஊர். அந்த ஊருக்குச் சோளம்தான் உயிர். காலையில் சோளக்கூழ், மதியம் சோளச்சோறு, கல்யாணம் என்றால் சோளப்பணியாரம், மாட்டுக்குச் சோளத்தட்டை. ஊர்க்கொல்லை முழுவதும் ஒரே வளைப்பாக, மலைச்சரிவு வரைக்கும் போகும். அதற்குக் காவல் காத்தாயி.

காத்தாயிக்கு முப்பது வயது. புருஷனைப் பாம்பு தீண்டிய பிறகு அண்ணன் செம்பன் வீட்டில் இருந்தாள். சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று கொல்லைக்காவலை ஏற்றுக்கொண்டாள். கதிரில் பால் பிடிக்கும் நாளிலிருந்து அறுவடை வரைக்கும் பரண்தான் அவளுக்கு வீடு. குரல் என்றால் அப்படி ஒரு குரல். பரண்மேல் நின்று அவள் கூவினால் மூன்று மேடு தாண்டி மலையில் மோதித் திரும்பும்.

அவளுக்கு முன்னால் காவல் இருந்தவர்கள் எல்லாரும் கவணில் கல் வைத்து அடித்தார்கள். கல்லுக்குப் பயந்து பறந்த கிளி அடுத்த மூலையில் இறங்கும். அடித்தவருக்குத் தோள்வலி, கொல்லைக்கு அதே நஷ்டம். காத்தாயி கவணைக் கையால் தொடவில்லை. வந்த முதல் வருஷமே கிளிக்கூட்டத்துத் தலைவியோடு உட்கார்ந்து பேசி முடித்தாள். கொல்லையைச் சுற்றி வெளிவரிசையாக ஓடும் ஒரு சால், அந்த ஓரச்சால், பறவைகளுடையது. அதைத் தாண்டி ஒரு மூக்கு உள்ளே நுழையக் கூடாது. பதிலுக்கு ஓரச்சால் மணியில் ஒன்றைக்கூட மனிதர் யாரும் வாயில் வைக்கக் கூடாது. பசித்தாலும் சரி, ருசி பார்க்க என்றாலும் சரி.

பொழுது விடிந்ததும் காத்தாயி பரண் ஏறுவாள்.

"கூஉய்! வாங்க சாமிகளா, வாங்க!"

கிளி, மைனா, சிட்டு, தூக்கணாங்குருவி, காட்டுப்புறா, எல்லாம் ஓரச்சாலில் வந்து இறங்கும். தின்று முடித்ததும் போய்விடும். ஏழு வருஷம் இப்படித்தான் நடந்தது. ஒரு நாளும் எல்லை தாண்டவில்லை. பன்றிகூட ஓடைக்கரைக் கோரைக்கிழங்கோடு நின்றுகொண்டது. அதற்கு மட்டும் அவ்வப்போது ஞாபகமறதி வரும். "ஓ, இது கொல்லையா? இருட்டில தெரியலம்மா" என்று பட்டப்பகலில் சொல்லும்.

கிளிகளின் தலைவிக்குச் செம்மூக்கி என்று பெயர். தின்பதைவிடப் பேச்சுதான் அதற்கு முக்கியம். மற்றவை போன பிறகும் பரண் கம்பில் உட்கார்ந்து வம்புக்கு இழுக்கும்.

"என்ன காத்தாயி, குரல் கம்மிப் போச்சு? அண்ணி இன்னிக்கும் பழங்கூழ்தான் ஊத்துனாளா?"

"உனக்கென்னடி. உக்காந்த இடத்துல பங்கு வாங்கித் தின்கிற திமிரு."

"பங்கா? நாங்க வாங்குறமா? நல்லா இருக்கே நியாயம்! உன் பாட்டனுக்குப் பாட்டன் பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த மலை எங்களுது. காட்டை வெட்டிக் கொல்லை போட்டது நீங்க. பங்கு குடுத்தது நாங்க, வாங்கித் தின்கிறது நீங்க. மாத்திப் பேசாத."

காத்தாயிக்குச் சிரிப்பு வந்துவிடும். "இந்த வாதத்தை எங்க ஊர்க்கூட்டத்துல வந்து பேசேன்."

"உன்னையே அங்க பேச விடமாட்டாங்க. என்னையவா விடப்போறாங்க?"

கிளி சொன்னது உண்மை. ஊருக்கு அவள் வாய் கொல்லையில் வேண்டும், கூட்டத்தில் வேண்டாம்.

எட்டாம் வருஷம் மழை ஏமாற்றியது. ஆடியில் பெய்ய வேண்டியது ஆவணியில் தூறிவிட்டுப் போனது. பயிர் முழங்காலில் நின்றுவிட்டு, பிறகு ஏதோ மனசு வந்து கதிர் விட்டது. பாதிக் கதிரில் மணியே இல்லை. வேடிக்கை என்னவென்றால், காட்டு ஈரம் இறங்கும் ஓரச்சால் மட்டும் பளிச்சென்று விளைந்திருந்தது. கொல்லைக்குள் போனவர்கள் எல்லாரும் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்கள்.

களத்துமேட்டில் கூட்டம் கூடியது. ஊர்த்தலைவர் கொன்றையன் நடுவில் உட்கார்ந்தார். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. அவர் வீட்டிலும் மூன்று பிள்ளைகள் கூழுக்கு அழுதுகொண்டிருந்தன. ஆனால் பசிக்கிறவன் செய்வதெல்லாம் நியாயமாகிவிடாது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"இந்த வருஷம் ஓரச்சாலையும் சேர்த்து அறுத்துக்கலாம்னு ஊர் நினைக்குது" என்றார் கொன்றையன்.

ஆண்கள் தலையாட்டினார்கள். பெண்கள் வரிசைக்கும் பின்னால் நின்ற காத்தாயி முன்னால் வந்தாள்.

"அது நம்ம பங்கு இல்லீங்களே. பேச்சுக் குடுத்திருக்கோம்."

"யாரு குடுத்தது?"

"நான். ஊருக்காகத்தான். அப்ப யாரும் வேண்டாம்னு சொல்லல. ஏழு வருஷமா ஒரு கதிர் கொறையலையே, அப்ப இந்தப் பேச்சு நல்லா இருந்துச்சா?"

"பரண்ல கத்துற வாயைக் கூட்டத்துக்குக் கொண்டு வராத காத்தாயி" என்றார் ஒருவர். சிரிப்பு எழுந்தது. செம்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

காத்தாயி விடவில்லை. "நாம பேச்சை மீறுனா அதுகளும் மீறும். ஓரச்சாலை எடுத்துக்கிட்டு உள்ளே இருக்கறதையெல்லாம் விட்டுருவீங்களா? ஆயிரம் மூக்கு வந்து எறங்குனா எந்தக் கவணைக் கொண்டு அடிப்பீங்க? நியாயம் வேண்டாம், கணக்காவது பாருங்க!"

கொன்றையன் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். பிறகு மெல்லச் சொன்னார். "இவ சொல்றதும் சரிதான். பறவை இருக்கற வரைக்கும் பேச்சும் இருக்கட்டும். ஓரச்சாலைத் தொட வேண்டாம். காத்தாயி, எப்பவும் போல அறுவடைக்கு முந்தி ஓரச்சால்ல பறவைங்களுக்கு விருந்து உண்டுல்ல? இந்த வருஷம் எல்லாத்தையும் கூப்பிடு. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கறதையும் சேத்து. ஒண்ணு விடாம."

காத்தாயிக்குக் கண் கலங்கிவிட்டது. பாறையடியில் ஒரு பெண் கூட்டத்தில் சொன்ன சொல் ஏறியது அதுவே முதல் தடவை. வீடு திரும்பும்போது பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பறவை இருக்கிற வரைக்கும் என்று கொன்றையன் சொன்னதை அவளும் கேட்டாள். அவர்களும் கேட்டார்கள். மகிழ்ச்சியில் காது அடைத்துப் போகும் போலிருக்கிறது.

விருந்துக்கு முந்தின நாள் உச்சிவெயிலில் செம்பன் அவளைக் கூப்பிட்டான். "அரிவாள் தீட்ட நல்ல கல்லு இல்ல. கீழூருக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வா தாயி. அங்க அத்தை வீட்டுல சாப்பிட்டுட்டுப் பொழுதோட வந்தாப் போதும்."

"பரண்ல யாரு அண்ணே இருக்கறது?"

"நான் இருக்கேன்."

அவள் போனாள். வரும்போது இருட்டிவிட்டது. அண்ணன் வீட்டு வாசலில் பெரிய அண்டா ஒன்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அறுவடைக்குக் கூழ் காய்ச்ச எடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

விடிந்தது. செம்பனும் அவளோடு கொல்லைக்கு வந்தான். ஓரச்சால் கதிர்கள் இளவெயிலில் மினுமினுத்தன. பனைவெல்ல வாசம் அடித்தது.

"என்ன அண்ணே இது, கதிரெல்லாம் மின்னுது?"

"பனி."

"பனி இனிப்பா மணக்குமா?"

"தேனடை ஏதாவது ஒழுகியிருக்கும். நேரமாச்சு, கூப்பிடு" என்று அவன் வேறு பக்கம் பார்த்துச் சொன்னான்.

காத்தாயி ஒரு கதிரை வளைத்து மூக்கருகே கொண்டுவந்தாள். உதடு வரைக்கும் கொண்டுபோனாள். ஒரே ஒரு மணியைக் கடித்திருந்தால் போதும். வெல்லத்துக்கு அடியில் இருக்கும் கசப்பு நாக்கைப் பிடித்திழுத்திருக்கும். ஆனால் அது பறவைகளின் பங்கு. ஏழு வருஷமாக அவள் வாயில் படாத பங்கு. கதிரை விட்டுவிட்டாள். அது நிமிர்ந்து ஆடி நின்றது.

கொடுத்த சொல்லைக் காப்பாற்றியதால் ஒருத்தி ஏமாந்த கதையை வேறு எங்காவது கேட்டிருக்கிறீர்களா?

அவள் பரண் ஏறினாள். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள். அதுவரை அவ்வளவு சந்தோஷமாக அவள் கூவியதில்லை.

"கூஉய்! வாங்க சாமிகளா, வாங்க! எல்லாரும் வாங்க! மலைக்கு அந்தப் பக்கத்து ஆளுகளும் வாங்க!"

வானம் பச்சையும் பழுப்புமாகத் திரண்டு வந்து இறங்கியது. குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு வந்த தாய்களும் இருந்தன. செம்மூக்கி எப்போதும் போலப் பரணுக்கு நேர் கீழே ஒரு கதிரைப் பிடித்துக்கொண்டது.

"என்ன காத்தாயி, இந்த வருஷம் இனிக்குது?" என்று வாய் நிறைய வைத்துக்கொண்டு கேட்டது. பிறகு தலையைச் சாய்த்தது. "ஆனா அடியில கசக்குதே."

"காலந்தப்பி வெளைஞ்ச பயிருடி. கசக்கத்தான் செய்யும். கிளி ராணிக்கு நாக்கு நீளம்."

"நீ சொன்னா சரி" என்றது செம்மூக்கி. மிச்சத்தையும் தின்றது.

முதலில் ஒரு சிட்டு விழுந்தது. கதிர் ஆடியதால் விழுந்தது என்று அவள் நினைத்தாள். அப்புறம் ஒரு மைனா. பிறகு சால் நெடுகிலும், மரத்தை உலுக்கினால் காய் விழுவது போலத் தொப் தொப்பென்று சத்தம். காத்தாயி பரணிலிருந்து ஏணியில் கால் வைக்காமல் குதித்தாள். செம்மூக்கி மண்ணில் கிடந்தது. கால்கள் விறைத்திருந்தன. அவள் அதை அள்ளி மடியில் வைத்துக்கொண்டாள்.

"காத்தாயி" என்றது கிளி. "நீ ஒரு மணி தின்னு பாத்தியா?"

"இல்லடி. அது உன் பங்கு."

"ஆமா" என்றது. "அப்படித்தானே நம்ம பேச்சு."

அதற்கு மேல் பேசவில்லை. செம்மூக்கி பேச்சை முடித்து அவள் பார்த்ததே இல்லை.

செம்பன் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தான். அவன் நகக்கண்ணில் வெல்லப்பாகு காய்ந்திருந்ததை அப்போதுதான் அவள் பார்த்தாள்.

"என்ன போட்டீங்க?"

"எட்டிக்கொட்டை. இடிச்சுக் காய்ச்சிப் பாகுல கலந்து…" அவன் கையை வேட்டியில் துடைத்தான். "பிள்ளைங்க வயிறு தாயி. ஓரச்சால் தீர்ந்தா அதுக உள்ளே எறங்கிரும்னு பயந்து ஊரே சேர்ந்து செஞ்சது."

"எங்கிட்டச் சொல்லல."

"சொல்லியிருந்தா நீ கூப்பிட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதனாலதான் சொல்லல."

அந்த நேரத்தில் மலைக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. புள்ளி கோடாகியது. மலைக்கு அந்தப் பக்கத்துப் பறவைகள். அவள் கூப்பிட்டது இப்போதுதான் போய்ச் சேர்ந்து, இப்போதுதான் கிளம்பி வருகின்றன. காத்தாயி வரப்பில் ஏறி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"வராதீங்க! வராதீங்க!"

அவ்வளவு தூரத்துக்குச் சொல் போகாது. குரல்தான் போகும். அந்தக் குரல் கேட்டால் வா என்றுதான் ஏழு வருஷமாக இந்த மலைப் பறவைகளுக்கெல்லாம் பழக்கம். கூட்டம் சிறகை வேகமாக அடித்தது. காத்தாயி கூப்பிடுகிறாள், அவசரமாகக் கூப்பிடுகிறாள் என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கும். அவள் இன்னொரு முறை கத்தினாள். இன்னும் வேகமாக வந்தன.

அப்போது அவளுக்குப் புரிந்தது. அவள் குரலும் ஒரு எட்டிக்கொட்டைதான். வெல்லப்பாகு பூசிய எட்டிக்கொட்டை.

காத்தாயி வாயை மூடிக்கொண்டாள். உதட்டைப் பல்லால் கடித்து, ரத்தம் வர மூடிக்கொண்டாள். இரண்டு கைகளையும் விரித்தாள். விரித்த கையோடு வரப்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடினாள். முந்தானை காற்றில் படபடத்தது. காத்தாயியை அப்படி ஒரு கோலத்தில் பறவைகள் பார்த்ததே இல்லை. கூட்டம் தயங்கியது, மேலேயே இரண்டு வட்டம் போட்டது, பிறகு மலையைப் பார்த்துத் திரும்பியது.

ஓரச்சாலை அவள் கையாலேயே பிடுங்கத் தொடங்கினாள். கொல்லையைச் சுற்றி ஓடும் சால். பத்துத் தட்டை பிடுங்குவதற்குள் ஆட்கள் வந்து இழுத்துவிட்டார்கள். "அறுப்பு முடியற வரைக்கும் அது நிக்கட்டும்" என்றார் கொன்றையன். அவள் அவரைப் பார்த்தாள். கூட்டத்தில் அவள் சொல்வது சரிதான் என்ற அதே மனிதருக்கு, அவள் பேசாமல் பார்த்ததைத் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காத்தாயி கொல்லை நடுவில் இருந்த மேட்டில் போய் நின்றாள். எந்தத் திசையிலிருந்து வந்தாலும் தெரிகிற இடம். கைகளை விரித்து நின்றாள். அறுவடை ஏழு நாள் நடந்தது. ஏழு நாளும் நின்றாள். கை தளர்ந்தபோது பரணிலிருந்து ஒரு மூங்கிலை உருவித் தோளுக்குக் குறுக்கே வைத்து, மணிக்கட்டு இரண்டையும் கந்தல் துணியால் அதில் கட்டிக்கொண்டாள். கால் தளர்ந்தபோது மேட்டில் முன்பே நட்டிருந்த ஒரு கம்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். செம்பன் தினமும் கூழ்க்கலயத்தை அவள் வாயருகே கொண்டுபோனான். உதடு திறக்கவில்லை. ஒரு முனகல் வந்தால்கூட ஏதாவது ஒரு குருவி நம்பி வந்துவிடும் என்று அவளுக்குப் பயம்.

யாரும் அவளை அங்கிருந்து அப்புறப்படுத்தவில்லை. ஏன் என்று கேட்டால் பாவம், துக்கத்தில் இருக்கிறாள் என்றார்கள். உண்மை என்னவென்றால், அவள் நிற்கிற வரைக்கும் ஒரு பறவையும் இறங்கவில்லை. அது அவர்களுக்கு வசதியாக இருந்தது.

ஏழாம் நாள் கடைசிக் கட்டு களத்துக்குப் போனது. ஓரச்சாலை வெட்டிக் கொளுத்தினார்கள். செம்பன் மேட்டுக்கு ஓடிப்போய், "முடிஞ்சது தாயி, கையை இறக்கு" என்றான். அவள் இறக்கவில்லை. உயிர் எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. கூழ்க்கலயம் காலடியில் அப்படியே இருந்தது.

கதை என்றால் கடைசியில் தப்பு செய்தவர்களுக்குத் தண்டனை வர வேண்டும் என்பார்கள். வரவில்லை. அந்த வருஷம் சோளம் ஊருக்குப் போதுமானதாகவே இருந்தது. பிள்ளைகள் வயிறு நிறையத் தின்றன. கொன்றையன் வயதாகித்தான் செத்தார். நின்றுபோனது ஒன்றே ஒன்றுதான். அன்றோடு பறவையும் விலங்கும் மனிதரோடு பேசுவதை விட்டுவிட்டன. பன்றிகூட நியாயம் கேட்க வரவில்லை. கேட்காமல் கொல்லைக்குள் இறங்கியது.

அடுத்த வருஷம் கதிர் பால் பிடித்தபோது மலைப்பக்கம் இறகுச் சத்தம் கேட்டது. செம்பன் யாரிடமும் சொல்லாமல் அதே மேட்டுக்குப் போனான். ஒரு மூங்கிலை நட்டான், இன்னொன்றைக் குறுக்கே கட்டினான். காத்தாயியின் பழைய சேலையைச் சுற்றினான். அவள் குடிக்காத கூழ்க்கலயத்தைக் கவிழ்த்துத் தலையாக வைத்தான். சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து இரண்டு கண் வைத்தான்.

கொன்றையன் வந்து பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. பல்லோட ஒரு வாயும் போடு. அப்பத்தான் பயப்படும்."

செம்பன் விரலைத் துடைத்துக்கொண்டான். "அந்த வாயை நாம ஒருதரம் இரவல் வாங்கினது போதுங்க."

ஒரு சின்னஞ்சிறு சிட்டு வந்து அந்தப் பொம்மையின் தோளில் உட்கார்ந்தது. செம்பன் கையெடுத்துக் கும்பிட்டான். ஏதோ கேட்டான். சிட்டு கீச் என்றது. அதற்கு என்ன பொருள் என்று அவனுக்குத் தெரியவில்லை. நமக்கும் இன்றுவரை தெரியவில்லை.

இப்போது சில ஊர்களில் பொம்மைக்குப் பல் வரைகிறார்கள், சிவப்பு நாக்குத் தொங்கவிடுகிறார்கள். கதை தெரியாதவர்கள். பொம்மை பயிரைக் காப்பதாகவும் குருவியை விரட்டுவதாகவும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது நம்மிடமிருந்து குருவியைக் காத்துக்கொண்டிருக்கிறது.

அன்று முதல்தான் சோளக்கொல்லைப் பொம்மைக்குக் கண் உண்டு, வாய் இல்லை. வெயிலிலும் பனியிலும் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, வராதீர்கள், வராதீர்கள் என்று சத்தமில்லாமல் சொல்லி நிற்கிறது.